மூன்றெழுத்துச் சுமைதாங்கி

நம் ஊரின் பழைய அடையாளங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் எழுதுவதற்கு ஆள் இருக்காது. கூடவே வந்த பட்டியலையும் படித்தேன். கோட்டை அகழி இருக்கிறது, சிவன் கோயில் குளம் இருக்கிறது, நெசவாளர் பாவு நூலை நீட்டி விரிக்கும் பாவடி இருக்கிறது. ஆறாவதாக, "ஆற்றுத்துறை மொட்டைச் சுமைதாங்கி. யார் வைத்தது, யாருக்கு வைத்தது தெரியவில்லை" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள்.

கேள்விக்குறியை அடித்துவிடுங்கள். அது என் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து வைத்த கல். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருந்தபோதே வைத்தார்கள்.

அந்தக் கல்லைப் பற்றி ஊரில் எத்தனை கதை கட்டியிருக்கிறார்கள் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுத்தெல்லாம் கொத்தியெடுத்து மொட்டையாகக் கிடக்கிறது, நடுவில் ம, க, ள் என்று மூன்று எழுத்து மட்டும் மிச்சம். பாளையக்காரர் வீட்டுச் சண்டையில் கொத்தினார்கள் என்றார் ஒருவர். என்னோடு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் அந்த மூன்று எழுத்தின் வளைவை வைத்தே சோழர் காலத்துக் கல் என்று முடிவு கட்டினார். அதைக் கொத்தும்போது பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிச் சொன்னவள் நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என் தாய்மாமா, அவர் சம்சாரம் இருவரும் உயிரோடு இருந்தவரை திறப்பதற்கில்லை. இப்போது இருவரும் இல்லை.

சுமைதாங்கி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் நோட்டைப் பின்னால் படிக்கப்போகிற பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இறந்துபோனால், அவள் இறக்கி வைக்காமலேயே போன சுமையை நினைத்து, வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர்கள் கைகொடுக்க ஆள் தேடாமல் அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம். வருகிறவர் போகிறவர் சுமை இறக்க இறக்க, செத்தவளின் பாரமும் குறையும் என்று நம்பிக்கை.

ஒன்பது வயது வரை எனக்கு நம் ஆரணியைத் தெரியாது. தெள்ளாருக்கு அந்தப் பக்கம், தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கென்று பாதிரியார் ஒருவர் போட்ட கூரைக் கொட்டகையில் வளர்ந்தேன். அம்மா அங்கே சமையல் செய்தாள். அங்கேதான் எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, அங்கேதான் உபதேசியாரிடம் எழுத்துப் படித்தேன். அப்பா பஞ்ச காலத்தில் ரோடு போடுகிற வேலைக்குப் போய்க் காலராவில் இறந்தார் என்பது மட்டும் தெரியும். அம்மாவின் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டால், "யாரு இருக்காங்க, எல்லாம் பஞ்சத்துல போயிட்டாங்க" என்பாள். பஞ்சத்தில் அந்தத் தெருவே காலியாகிவிட்டது என்று யாரோ சொன்னதை அவள் நம்பியிருந்தாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவளிடம் ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டு நூல் சுற்றியது. நூல் வெளுத்து மண் நிறமாகியிருந்தாலும் சுற்று மட்டும் பிரியவில்லை. அந்தக் குடுக்கையை அவள் காலியாக வைத்து நான் பார்த்ததில்லை. காலையில் ரொப்புவாள், சாயங்காலம் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி ரொப்பித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். அதிலிருந்து குடிக்க மாட்டாள். கொட்டகைப் பிள்ளைகள் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அம்மா மேல் கோபமாக வரும்.

ஒரு மாசி மாதம் ஜவுளி மூட்டைக்காரர் ஒருவர் வந்தார். பாதிரியாரின் சம்சாரத்துக்குப் பட்டுச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா அகப்பையும் கையுமாக எட்டிப் பார்த்தவள், அகப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அரக்குச் சிவப்புச் சேலை ஒன்றின் இடக்கரையைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு வலக்கரையைத் தடவினாள்.

"இது யாரு தறி?"

"ஆரணி நெசவும்மா."

"ஆரணின்னு தெரியுது. யாரு தறின்னு கேட்டேன்."

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும். போன மாசம் வாங்கினேன்."

"போன மாசமா" என்று இரண்டு முறை கேட்டாள். அன்றைக்குக் குழம்பு தீய்ந்தது. தீய்ந்த குழம்பைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "உங்க மாமா உயிரோட கீறாரு."

மாமா இடக்கைக்காரர். குறுக்கே ஓடும் ஊடை இழையை அடித்து நெருக்கும்போது இடப்பக்கம் அழுத்தம் கூடிவிடும். அதனால் அவர் நெய்த சேலையில் இடக்கரையில் வரும் பூமொட்டு குட்டையாகவும் வலக்கரை மொட்டு நெட்டையாகவும் விழும். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. நெசவுத் தெருவாருக்கு அது கையெழுத்து மாதிரி. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; நடந்தது அத்தனையும் அதனால்தான் நடந்தது.

மறுநாளே கிளம்பினோம். இரண்டு நாள் நடை. அம்மா தலையில் துணி மூட்டை, தோளில் குடுக்கை. வழியில் ஒரு புளியமரத்தடியில் மட்டும் நின்றாள். மரத்தைச் சுற்றி வந்தாள், வேரை எல்லாம் குனிந்து பார்த்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். இரண்டாம் நாள் வெயில் சாய்ந்த நேரத்தில் ஆற்றுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். கமண்டல நாகநதியில் தண்ணீர் வற்றி மணல்தான் கிடந்தது. அங்கங்கே ஊற்று தோண்டிப் பெண்கள் மொண்டுகொண்டிருந்தார்கள். துறைக்கு மேலே புத்தம்புதிதுபோல ஒரு சுமைதாங்கி நின்றது.

"இது அப்ப இல்ல" என்று சொல்லி அம்மா மூட்டையை அதன்மேல் இறக்கினாள்.

எழுத்தைக் கண்ட இடத்திலெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் எனக்கு. பாதிரியாருக்கு அதில் பெருமை. அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மேல் கல்லின் முகப்பில் வெட்டியிருந்ததை விரல் வைத்துப் படித்தேன். முதலில் தெருவின் பெயர். "எங்க தெருதான்" என்று அம்மா சிரித்தாள். அடுத்து ஒரு ஆண்பிள்ளையின் பெயர். "எங்கப்பா பேரும்மா அது" என்றாள்; சிரிப்பு குறைந்துவிட்டது. அடுத்து, மகள். அதற்கு அடுத்தது அம்மாவின் பெயர்.

"இன்னா படிச்ச?"

"உன் பேருதாம்மா."

"அப்புறம் இன்னா கீது?"

"வயிற்றுப் பிள்ளையுடன் இறந்தபடியால் அண்ணன் வைத்த சுமைதாங்கி."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தோளிலிருந்த குடுக்கையை இறக்கி, மூடியைத் திறந்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் கல்லின் காலடியில் மெதுவாக ஊற்றினாள். எனக்கு மத்தியானத்திலிருந்து தாகம்.

"நான் கேட்டா குடுக்க மாட்ட. கல்லுக்கு ஊத்துற."

"இரு. ஒம்போது வருசமா இவளுக்குத்தான் வெச்சிகினு இருந்தேன்" என்றாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டாளே என்ற ஆத்திரம்தான் வந்தது.

அந்த நேரத்தில் ஆற்றுக்குள்ளிருந்து ஒருவர் ஏறி வந்தார். தலையில் அலசிய பட்டு நூல் மூட்டை. தண்ணீர் அவர் முகத்திலெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. வழக்கம்போலச் சுமையை இறக்க வந்தவர், கல்லுக்குப் பக்கத்தில் அம்மாவைப் பார்த்துவிட்டார். மூட்டையைப் பிடித்த கை பிடித்தபடி நின்றது. அம்மா உடுத்தியிருந்த மிஷன் முரட்டு வெள்ளைச் சேலையை மேலிருந்து கீழே பார்த்தார். செத்துப்போன தங்கையைக் கண்ட மனிதர் முதலில் என்ன கேட்பார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமா கேட்டது இதுதான்:

"அந்தச் சேல எங்க?"

அம்மா காலிக் குடுக்கையின் மூடியை அழுத்தி மூடினாள்.

"உன் கலியாணத்துக்கு நான் நெய்த சேல. அதப் போத்தியிருந்தவளத்தான் வண்டியில ஏத்திகினு வந்து மண்ணுல வெச்சேன். எங்க அந்தச் சேல?"

"அத அவளுக்குப் போத்திட்டுத்தான் வந்தேன் ண்ணா" என்றாள் அம்மா.

மாமாவின் தலைமூட்டை சரிந்தது. அம்மா ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக அதை அந்தக் கல்லின்மேல் இறக்கி வைத்தார்கள்.

நடந்ததை மாமா சொல்லி அன்றைக்கே தெரிந்துகொண்டேன். பஞ்சத்தில், தானியம் ஏற்றிப் போன வண்டிக்காரர் ஒருவர் தெருவில் வந்து, வந்தவாசிப் பாதையில் புளியமரத்தடியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உங்கள் நெசவுச் சேலையைப் போர்த்திக்கொண்டு செத்துக் கிடக்கிறாள் என்று சொன்னார். மாமா அந்த வண்டியிலேயே போனார். பஞ்சத்தில் எல்லார் முகமும் ஒரே முகமாகிவிட்டிருந்தது; அதிலும் இரண்டு நாள் வெயிலில் கிடந்த முகம். மாமா முகத்தைப் பார்க்கவில்லை. கரையைத் தடவிப் பார்த்தார். இடக்கரை மொட்டு குட்டை. வேறொருவருக்கு என்றால் அடையாளம் போதாது, இன்னும் விசாரித்திருப்பார்கள். நெசவுக்காரருக்கு அது போதும். பஞ்சம் தீர்ந்து தறி மறுபடி ஓடத் தொடங்கியதும், முதல் வேலையாகக் கல் வைத்தார்.

எங்களை மாமா தெருவுக்குள் கூட்டிப்போகவில்லை. தெருவின் பின்புறம், பட்டு நூல் வேகவைக்கிற கொட்டகையில் தங்கவைத்தார். நாட்டாண்மைக்காரர் காஞ்சிபுரம் போயிருந்தார். அவர் வந்து முடிவு சொல்லும்வரை பொறுக்க வேண்டும். பதினைந்து நாள் இருந்திருப்போம். வேகிற பட்டின் நாற்றம் உங்களுக்கெல்லாம் பழக்கம். நான் முதல் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து அது வீட்டு வாசனை ஆகிவிட்டது. சாயத் தொட்டியின் ஓரத்தில் அரக்குச் சிவப்பு காய்ந்து ஏடாக உரியும். அதை உரித்து நகத்தில் தேய்த்துக்கொள்வேன். அறுந்த இழைகளைப் பொறுக்கி விரலில் சுற்றி ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சேர்த்தேன்.

மாமாவின் சம்சாரத்தை அத்தை என்று கூப்பிடச் சொன்னாள் அம்மா. அத்தை மத்தியானத்தில் சோறு கொண்டுவந்து பானை மூடியில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போய்விடுவாள். எங்களுக்காக ஒப்பாரி வைத்தவள் ஆயிற்றே, அவளுக்கு எங்களைப் பார்க்கப் பயம். ஐந்தாறு நாள் கழித்து ஒரு நாள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு உட்கார்ந்து எனக்குப் பேன் பார்த்தாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை.

"அத்த, நாங்க எப்ப உள்ள வரலாம்?"

"கல்ல எடுத்துட்டா வரலாம்னு மாமா சொல்லிகினு இருந்தாரு. நாட்டாண்மைக்காரரு வரட்டும்."

எனக்கு அந்த நிமிஷமே கல்லைப் பிடுங்கிவிட வேண்டும் போலிருந்தது. பாதிரியார் கொட்டகையில் முப்பது பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு, பேன் பார்க்க ஒரு அத்தை, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மாமா, ஒரு வீடு. ஒரு கல்தானே குறுக்கே நிற்கிறது என்று நினைத்தேன்.

நாட்டாண்மைக்காரர் வந்தார். விடிந்ததும் பாவடியில் கூடினார்கள். அன்று மாமாவின் பாவு விரித்திருந்தது. உங்களுக்குத் தெரியும், கஞ்சி போட்ட பாவு யாருக்காகவும் காத்திராது. காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துத் தடவிவிட வேண்டும். அதனால் கையில் வேலை நடக்க, வாயில் பஞ்சாயத்து நடந்தது. விரித்த பாவை யாரும் குறுக்கே தாண்டக்கூடாது. ஒரு பக்கம் மாமாவும் ஆட்களும், மறுபக்கம் நானும் அம்மாவும் நின்றோம்.

நாட்டாண்மைக்காரரைப் பற்றி நான் வெகுகாலம் கெட்ட எண்ணம் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அவர் சொன்னதில் ஈரம் இருந்தது.

"சர்க்காரு கஞ்சித்தொட்டியில சாப்ட்டத நான் கேக்கல. பஞ்சத்துல யாரு சாப்புடல. வேதத்துல சேந்தியே, அதுக்கும் வழி பாத்துக்கலாம். ஆனா செத்தவன்னு கல்லு நட்டு, பதினாறாம் நாளு செஞ்சி, ஊரே சாப்ட்டாச்சு. கல்லும் நிக்குது, நீயும் தெருவுல நடமாடினா, மத்த புள்ளத்தாச்சிங்களுக்கு ஆகாது. இந்தத் தெருவுல இப்ப மூணு பேரு மாசமா கீறாங்க. என் மருமகளும் ஒருத்தி."

"நானே புடுங்கி மடுவுல போட்டுடறேங்க" என்றார் மாமா. இழையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஜல்தியா செய்யி. அவ தலைக்குத் தண்ணி ஊத்திகினு வீட்டுக்குள்ள வரட்டும்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அத்தை தூரத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கொட்டாங்குச்சியை எடுத்துவர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"வேணாங்க. அந்தக் கல்லு இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"உனக்கு வெச்ச கல்லும்மா அது."

"எனக்கு வெச்சதுதாங்க. மண்ணுல கீறவ வேற ஒருத்தி." விரித்த பாவைப் பார்த்தபடியே அம்மா ஒரே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"கஞ்சித்தொட்டி எங்கன்னு தேடி மூணு நாளு ரெண்டு பேரும் ஒன்னா நடந்தோம். அவளுக்கும் என்னாட்டமே எட்டு மாசம். என்ன அக்கான்னு கூப்புட்டா, நானும் அவள அக்கான்னே கூப்புட்டேன். யாரு பெரியவன்னு கூடத் தெரியாது. பேரு கேக்கல, ஊரு கேக்கல. பேசினா நாக்கு ஒலந்து போவுதுன்னு பேசாமலே நடந்தோம். நாலாம் நாளு புளியமரத்தாண்ட அவளுக்குக் குளுரு ஜுரம் வந்திடுச்சு. மூட்டையில அந்தச் சேல இருந்தது. பஞ்சத்துல பட்ட யாரும் வாங்கல, அதான் மிச்சம் இருந்தது. எடுத்துப் போத்தினேன். 'இங்கயே இரு, எழுந்து எங்கயும் போயிடாத, நான் தண்ணி கொண்டாறேன்'னு சொல்லிட்டுக் குடுக்கைய எடுத்துகினு போனேன். கெணறு எல்லாம் காஞ்சி கெடந்தது. ரொம்ப தூரம் போயி, கஞ்சித்தொட்டியாண்ட தண்ணி கெடச்சது. ரொப்பிகினு திரும்புறேன், இடுப்பு வலி எடுத்துப் பேச்சு மூச்சில்லாம விழுந்துட்டேன். கண்ணு முழிச்சா பாதிரியார் வண்டி. தெக்கால போய்கினு இருக்குது. எறக்கிவுடுங்கன்னேன், யாரும் காதுல போட்டுக்கல. இவ வண்டியிலயே பொறந்தா."

பாவு மேலிருந்த கைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தின.

"அதுக்கு அஞ்சாம் நாளு பாதிரியாரு மரத்தாண்ட ஆளு அனுப்பினாரு. அங்க யாரும் இல்லன்னு வந்து சொன்னாங்க. அப்ப எழுந்து போயிட்டா, பொழச்சிகினான்னு நெனச்சேன். எழுந்து போவாதன்னு நான் சொன்னத அவ கேக்கலன்னு எனக்கு அவ்ளோ சந்தோசம். வந்தா வரட்டும்னு இந்தக் குடுக்கையில தண்ணி வெச்சிகினே இருந்தேன். அன்னிக்கி எம் பொண்ணு கல்லுல இருந்தத படிச்சப்பதான் தெரிஞ்சிகினேன். அவ எழுந்து போவலீங்க. நான் சொன்ன எடத்துலயே இருந்திருக்கா."

அம்மா ஆற்றுத்துறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவளுக்குன்னு இந்தப் பூமியில இருக்கிறது அந்தக் கல்லு ஒன்னுதான். அதும் என் பேருல கீது. அதப் புடுங்கிப்போட்டுட்டு நான் வீட்டுக்குள்ள போயிப் படுத்துகினா, ரெண்டாம் வாட்டியும் அவள வுட்டுட்டுப் போன மாதிரிங்க."

நாட்டாண்மைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "கட்டுப்பாடுன்னு ஒன்னு கீதும்மா. கல்லு நிக்கிற வரைக்கும் தெருவுக்கு நீ செத்தவதான்."

"செத்தவளாவே இருக்கேங்க. ஒன்னே ஒன்னு செய்யுங்க. என் பேர எடுத்துடுங்க. அவ மேல என் பேரு வேணாம்."

மாமா பாவின் அந்தப் பக்கம் நின்றார். தங்கச்சி என்று கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை. தாண்டியும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்தப் பாவு காய்ந்து முறுகி, ஒரு இழைக்கும் உதவாமல் போயிற்று. பாவடியில் அப்படி ஒன்று அதற்கு முன்னும் பின்னும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மூன்று நாள் கழித்து மாமா கல்தச்சரைக் கூட்டிக்கொண்டு துறைக்கு வந்தார். திருமலைப் பக்கத்துக்காரர், கல்லை வெட்டியவரும் அவரே. "வெட்டின கையாலயே அழிக்கச் சொல்றீங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். எது என்ன வார்த்தை என்று அம்மா கேட்க, நான் படித்துச் சொன்னேன். தெருவின் பெயர். எடுங்க என்றாள். தாத்தாவின் பெயர். எடுங்க. அம்மாவின் பெயரைக் கொத்தும்போது கல்தூள் பறந்து என் கண்ணில் விழுந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளையுடன் என்ற வரிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தாள். "சுமதாங்கின்னாலே அதானே, தனியா எழுத வேணாம்" என்றாள். அண்ணன் வைத்தது என்பதை எடுக்க அவளுக்கு மனமில்லை. மாமாதான், "அதையும் எடு. அவளுக்கு நான் இன்னா அண்ணன், மூஞ்சியக் கூடப் பாக்கல" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. தச்சர் உளியை வைக்கப் போனார். அம்மா குறுக்கே கையை நீட்டிக் கல்லை உள்ளங்கையால் மூடினாள்.

"இது இன்னா எழுத்து?"

"மகள்" என்றேன்.

"அது இருக்கட்டும். யாரோ ஒருத்தருக்கு மகதானே அவளும்."

நாங்கள் ஆற்றின் அக்கரையில் தங்கிவிட்டோம். பாதிரியார் அங்கே ஒரு கூரைப் பள்ளிக்கூடம் போட்டுக் கொடுத்தார்; அம்மா பெருக்கினாள், நான் படித்தேன், பிற்பாடு நானே அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தேன். உங்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என்னிடம் காதுத் திருகல் வாங்கியவர்கள். அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு அம்மாவோடு நான் சரியாகப் பேசவே நாலைந்து வருஷம் ஆயிற்று. முகம்கூடப் பார்த்திராத ஒருத்திக்காக எனக்குக் கிடைத்த வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்ற வயிற்றெரிச்சல். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொட்டாங்குச்சியில் சேர்த்த இழைகளை அந்தக் கோபத்தில் ஆற்றில் போட்டுவிட்டேன். இன்று வரை அவை வேண்டும்போல் இருக்கிறது.

நாட்டாண்மைக்காரர் மருமகளுக்கு அந்தப் பங்குனியிலேயே சுகப்பிரசவம். மற்ற இருவருக்கும் அப்படியே. கல் நின்றபடியேதான் நின்றது. கட்டுப்பாட்டை மட்டும், பிள்ளைகளிடம் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்பது உட்பட, யாரும் தளர்த்தவில்லை. தளர்த்தலாம் என்று சொல்ல யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே காலம் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக, "ஆற்றுத்துறைத் தண்ணீர்ப் பானை, யார் தொடங்கிய தர்மம் என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் கேள்விக்குறி வேண்டாம். தினம் விடிகாலையில் அம்மா ஆற்றைத் தாண்டி வந்து அந்தக் கல்லின் காலடியில் பானையில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள். மாமா அலசிய நூலோடு அந்த நேரத்துக்கு ஏறி வருவார். சுமையைக் கல்மேல் இறக்குவார். அம்மா தண்ணீர் மொண்டு கொடுப்பாள். "மாடு கன்னு போட்டுதா", "மழ வருமா" என்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். தெருவுக்குத்தான் அவள் செத்தவள். துறை தெருவில் சேராது. மாமா சாகும்வரை அது ஒரு நாளும் தவறவில்லை.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். அந்த வருஷத்துக்குப் பிறகு மாமா நெய்த சேலைகளில் இரண்டு கரை மொட்டும் ஒரே உயரம். இடக்கையை எப்படிப் பழக்கினாரோ தெரியாது. என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தனுப்பிய சேலையை அம்மா இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள்.

அம்மாவுக்கு எழுத்துச் சொல்லித் தர எத்தனையோ முறை பார்த்தேன். கல்லில் இருந்த மூன்று எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டாள். மணலில் விரலால் எழுதுவாள், அழிப்பாள். மற்ற எழுத்து எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தன் பெயரையும் எழுதக் கற்கவில்லை.

கடைசி நாட்களில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள். "என் பேர ஒரு வாட்டி கல்லுல எழுதி அழிச்சாச்சு. இன்னொரு வாட்டி எழுதாத. அவளுக்கு இல்லாத பேரு எனக்கு எதுக்கு. அந்த மூணு எழுத்து போதும்."

கல்லறைத் தோட்டத்தில் கல் வைக்கிற நாளில் புதிதாக வந்திருந்த பாதிரியார் தடுமாறினார். யாருடைய மகள் என்று எழுத வேண்டாமா, பெயர் வேண்டாமா, பின்னால் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரிய வேண்டாம் என்றேன்.

ஆற்றுக்கு அக்கரையில், வேப்பமரத்துக்கு வடக்கே மூன்றாவது கல். இதுவரை யார் பட்டியலிலும் அது இல்லை. உங்கள் நோட்டில் அதற்குத் தனி எண் போட வேண்டாம். இரண்டு கல்லையும் ஆறாவது எண்ணிலேயே சேர்த்து எழுதுங்கள்.